ஊசி போட்டு முடிச்ச அப்புறம்தான் ஆபத்தே ஆரம்பிக்குது

வார்டுல யாருக்காவது விரல்ல ஊசி குத்திடுச்சுன்னா முதல்ல காதுல விழுற வார்த்தை "பாத்து பண்ணக் கூடாதா சிஸ்டர்"ங்கறதுதான், போய் கைய கழுவுங்கன்னு சொல்ற ஆள் அதுக்கப்புறம்தான் வருவார். குத்து வாங்கினவங்களும் அப்படியேதான் நினைச்சுக்குறாங்க, நம்ம தப்பு, வெளிய சொன்னா திட்டு விழும்னு ஒரு பேண்டெய்ட ஒட்டிட்டு பேசாம அடுத்த பெட்டுக்குப் போயிடுறாங்க. ஆனா 1980கள்ல இருந்து இதை உக்காந்து எண்ணிப் பாத்தவங்க சொல்றது வேற. இதுல கவனத்தோட பங்கு சின்னதுதான், ஊசியோட அமைப்பு எப்படி, அதைப் போடற டப்பா எங்க இருக்கு, ஒரு ஆளுக்கு எத்தனை பேஷண்ட், இதுங்கதான் பெரிய பங்கு.

முதல்ல எதுக்கு இவ்வளவு பயம்னு பாத்துடலாம். ரத்தம் பட்ட ஊசி குத்தினா முக்கியமா மூணு வைரஸ் வரலாம். எல்லாரும் நடுங்கறது ஹெச்ஐவிக்குத்தான், ஆனா மூணுலயும் குறைவா தொத்தறது அதுதான், ஹெச்ஐவி இருக்கறவரோட ரத்தம் பட்ட ஊசி குத்தினா தொத்தற வாய்ப்பு சுமாரா 0.3 சதவீதம், அதாவது 300 குத்துக்கு 1. கல்லீரலைத் தாக்கற ஹெப்பாடிடிஸ் சிக்கு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்த கணக்கு 1.8 சதவீதம், இப்போ வந்த ஆய்வுகள் அதை இன்னும் கீழ இறக்கி வெச்சிருக்கு. உண்மையிலயே பயப்பட வேண்டியது ஹெப்பாடிடிஸ் பிக்கு. தடுப்பூசி போடாத ஆளுக்கு 6ல இருந்து 30 சதவீதம் வரைக்கும் வாய்ப்பு, அதோட இந்த வைரஸ் காஞ்சு போன ரத்தத்துல கூட வெளிய 7 நாள் உயிரோட இருக்கும். இதுல என்ன கொடுமைன்னா, தடுப்பூசி இருக்கறது இந்த ஒண்ணுக்கு மட்டும்தான், அதைத்தான் நிறைய பேர் முழுசா போட்டுக்கறதில்ல, முதல் டோஸ் போட்டு, ஒரு மாசத்துல ரெண்டாவது போட்டு, ஆறாவது மாசம் மூணாவது போடணும்னா அதுக்குள்ள வேலையே மாறிப் போயிருப்பாங்க. அமெரிக்காவுல 1983ல ஒரே வருஷத்துல மருத்துவப் பணியாளர்கள்ல 10,000 பேருக்கு மேல ஹெப்பாடிடிஸ் பி தொத்திட்டு இருந்துச்சு, தடுப்பூசியும் கூடவே மத்த ஏற்பாடுகளும் வந்த பிறகு 2010 வாக்குல அது சில நூறுக்கு இறங்கிடுச்சு. 1991லயே அங்க சட்டம் போட்டு, ரத்தத்தோட புழங்கற வேலைன்னா முதலாளி காசுலதான் இந்த தடுப்பூசிய போடணும்னு ஆக்கினாங்க.

மூணு டோஸும் போட்டவங்க அதோட விட்டுடக் கூடாது, கடைசி டோஸ் போட்டு ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு டைட்டர்ங்கற ரத்த டெஸ்ட் பாக்கணும், ஆன்டிபாடி அளவு 10க்கு மேல இருந்தாதான் உடம்பு ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம், சிலருக்கு மூணு போட்டும் ஏறாது, அவங்களுக்கு திரும்ப போடணும்.

சரி, குத்து எப்போ விழுது? பேஷண்டுக்கு ஊசி போடும்போது கை ஆடி குத்திடும்னு நினைப்போம். அமெரிக்காவுல வர்ஜீனியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரில ஜேனின் ஜாகர்னு ஒரு தொற்றுநோய் ஆய்வாளர், கூட சிலபேரோட சேர்ந்து 10 மாசம் நடந்த 326 குத்துகளை ஒண்ணொண்ணா விசாரிச்சு 1988ல கட்டுரையா போட்டாங்க. ஊசி போடறதுக்கு முன்னாடியோ போடும்போதோ குத்தினது 17 சதவீதம்தான். 70 சதவீதம் வேலை முடிஞ்ச பிறகு, டப்பால போடறதுக்கு முன்னாடி இருக்கற அந்த இடைவெளில. மிச்சம் 13 சதவீதம் டப்பாவுக்கோ குப்பைக்கோ போன பிறகு. அதாவது அந்த ஊசியால யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லாத நேரத்துலதான் பெரும்பாலான குத்து. இந்த ஒரு கணக்கை மனசுல வெச்சுக்கிட்டா தடுப்பு பத்தின மத்த எல்லாமே தானா புரிஞ்சுடும், முனை எவ்வளவு நேரம் மூடாம வெளிய இருக்கோ அவ்வளவு நேரம் ஆபத்து.

அதே ஆய்வுல இன்னொரு கணக்கு. மொத்த எண்ணிக்கைல சாதாரண டிஸ்போசபிள் சிரிஞ்சுதான் அதிகம் குத்தியிருந்துச்சு, ஆனா அதைத்தான அதிகமா வாங்கறாங்க, அதனால வாங்கின எண்ணிக்கையால வகுத்துப் பாத்தாங்க, அப்போ படம் தலைகீழா மாறிடுச்சு. 1,00,000 டிஸ்போசபிள் சிரிஞ்சுக்கு 6.9 குத்து. ட்ரிப்ஸ் ட்யூப் நுனில ஊசி மாட்டி சொருகற அந்தக் கால செட்டுக்கு 36.7, அஞ்சு மடங்குக்கும் மேல. அதே நர்ஸுங்க, அதே வார்டு, அதே அவசரம், பொருள் மட்டும் வேற. கழட்டி எடுக்க வேண்டிய எந்தப் பொருளா இருந்தாலும் குத்து கூடுது. இதுக்கு மேலயும் கவனமா இருங்கம்மான்னு போஸ்டர் ஒட்டறது பாவம் இல்லையா?

அப்புறம் மூடி விஷயம். போட்ட ஊசிக்கு திரும்ப கேப் மாட்டாதீங்கன்னு நர்சிங் காலேஜ்ல இருந்து எல்லா இடத்துலயும் சொல்லித்தான் தர்றாங்க, அந்த ஆய்வுலயும் மூணுல ஒரு பங்கு குத்து கேப் மாட்டறதோட சம்பந்தப்பட்டதுதான். இருந்தும் ஏன் மாட்டறாங்க? ஜாகர் இதையும் கேட்டிருக்காங்க, கிடைச்ச பதில் நியாயமானது, வேற ஒரு பெரிய ஆபத்துல இருந்து தப்பிக்கத்தான் மாட்டறாங்க. கைல திறந்த ஊசி, டப்பா இருக்கறது வார்டோட அந்தக் கடைசில, நடுவுல அட்டெண்டர் கூட்டம், ட்ராலி, ஓடற குழந்தை, இதுக்குள்ள முனைய நீட்டிக்கிட்டு நடக்கறதை விட மூடிட்டு நடக்கறது பரவால்லன்னு கை தானா முடிவு பண்ணிடுது. ஊசிய சிரிஞ்சுல இருந்து கழட்டணும்னாலும் அதேதான், திறந்த முனைய கைல பிடிச்சுத் திருகறதை விட மூடிட்டு திருகறது மேல். ஆக "ரீகேப் பண்ணாதே"ன்னு மட்டும் சொல்லிட்டு டப்பாவை கிட்ட கொண்டு வைக்கலன்னா அந்த உத்தரவுக்கு அர்த்தமே இல்ல.

மாட்டியே ஆகணும்ங்கற நிலைமை சில நேரம் வரும், அப்போ ஒரு கைலதான் மாட்டணும். மூடிய ட்ரேல படுக்க வெச்சுட்டு, இன்னொரு கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டாலும் சரி, சிரிஞ்சு பிடிச்ச கையாலயே முனைய மூடிக்குள்ள நுழைச்சு, அப்படியே நிமித்தி, ட்ரேல அழுத்தி டக்குன்னு மாட்டணும். ஒரு கைல மூடி இன்னொரு கைல ஊசின்னு ரெண்டையும் எதிரெதிரா கொண்டு வர்றப்பதான் இடது கை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் மாட்டிக்குது.

கேரன் டேலின்னு ஒரு அமெரிக்க நர்ஸ், 20 வருஷத்துக்கு மேல அனுபவம், எமர்ஜென்சில வேலை. 1998ல ஒருத்தருக்கு ரத்தம் எடுத்துட்டு ஊசிய டப்பால போட கிளவுஸ் போட்ட கைய கொண்டு போனப்ப, டப்பாவுக்குள்ள ஏற்கனவே கிடந்த ஒரு ஊசி குத்திடுச்சு. ஹெச்ஐவி, ஹெப்பாடிடிஸ் சி ரெண்டும் வந்துச்சு. அவங்க பண்ணதுல ஒரு தப்பும் இல்ல, புத்தகத்துல சொன்ன மாதிரியேதான் பண்ணாங்க. அதுக்கப்புறம் அவங்க ஊர் ஊரா போய் பேசினாங்க, 2000 நவம்பர் 6ல பில் கிளிண்டன் கையெழுத்து போட்ட ஊசிக் குத்து தடுப்புச் சட்டத்துக்கு அவங்க குரலும் ஒரு காரணம், பிற்பாடு அமெரிக்க நர்ஸ்கள் சங்கத்துக்கே தலைவரானாங்க. அந்தச் சட்டத்துல ரெண்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாதுகாப்பு வசதி உள்ள ஊசி மார்க்கெட்ல இருந்தா ஆஸ்பத்திரி அதைப் பரிசீலிச்சே ஆகணும்ங்கறது ஒண்ணு. எதை வாங்கலாம்ங்கற முடிவுல அதை தினமும் கைல பிடிக்கறவங்களோட கருத்தைக் கேக்கணும்ங்கறது இன்னொண்ணு. 2001லயே அங்க ஆஸ்பத்திரி குத்துகள் சுமார் 38 சதவீதம் இறங்கினதா பிறகு வந்த ஆய்வு சொல்லுது. ஒரே வருஷத்துல அத்தனை பேருக்கும் திடீர்னு கவனம் கூடிடுமா என்ன, மாறினது ஊசிதான். ஐரோப்பிய யூனியனும் 2010ல இதே மாதிரி உத்தரவு போட்டுச்சு.

இந்த பாதுகாப்பு ஊசிங்க பல வகை. போட்டு முடிச்சு பிஸ்டனை கடைசி வரைக்கும் அழுத்தினா ஊசி தானா சிரிஞ்சுக்குள்ள போயிடறது, பக்கத்துல கீல் வெச்ச மூடிய கட்டைவிரலால தள்ளி மூடறது, ட்ரிப்ஸ் ஏத்த நரம்புல சொருகற ஐவி கேனுலால ஊசிய உருவினதும் ஒரு சின்ன உலோக க்ளிப் வந்து முனைய மூடிக்கறது. தானா மூடறதுதான் நல்லது, ஏன்னா நாம மூட வேண்டிய வகைய அவசரத்துல மூட மாட்டோம்.

இங்க ஒரு குழப்பத்தைத் தீர்த்துடணும், ஆஸ்பத்திரி பர்ச்சேஸ் ஆளுங்களே இதுல மாட்டிக்குவாங்க. நம்ம ஊர்ல தடுப்பூசி திட்டத்துல யூஸ் பண்ற ஆட்டோ டிஸேபிள் சிரிஞ்ச் இருக்கே, கோவிட் தடுப்பூசியும் அதுலதான் போட்டாங்க, ஒரு தடவை அழுத்தினா பிஸ்டன் லாக் ஆயிடும், திரும்ப இழுக்க முடியாது. அது பேஷண்டைக் காப்பாத்தறதுக்கு, ஒருத்தருக்குப் போட்ட சிரிஞ்சை இன்னொருத்தருக்குப் போடாம இருக்கறதுக்கு. 2009ல குஜராத் மோடாசா பக்கம் பழைய சிரிஞ்சுகளை திரும்ப யூஸ் பண்ணதால ஹெப்பாடிடிஸ் பி பரவி நிறைய பேர் செத்தாங்களே, அந்த மாதிரி கொடுமைய தடுக்க இது அவசியம். ஆனா போட்டு முடிச்ச பிறகு அதோட முனை அப்படியே வெளியதான் நீட்டிட்டு இருக்கும், நர்ஸோட விரலுக்கு அதனால ஒரு பாதுகாப்பும் இல்ல. 2015ல உலக சுகாதார நிறுவனம் ரெண்டும் வேணும்னு சொல்லுச்சு, திரும்ப யூஸ் பண்ண முடியாததாவும் இருக்கணும், முனை மூடிக்கறதாவும் இருக்கணும்னு. சாதாரண சிரிஞ்ச் 3, 4 அமெரிக்க சென்ட், இந்த மாதிரி பாதுகாப்பு வெச்ச ஸ்மார்ட் சிரிஞ்ச் குறைஞ்சது ரெண்டு மடங்கு விலைன்னும் அவங்களே சொன்னாங்க. நம்ம டெண்டர்ல கம்மி ரேட்டுக்குத்தான் ஆர்டர்ங்கறதால இந்த விஷயம் அங்கயே நின்னு போயிடுது, குத்து வாங்கின ஒரு ஆளுக்கு டெஸ்ட், மருந்து, லீவு, ஆறு மாச மன உளைச்சல்னு ஆகற செலவு எந்த டெண்டர் ஷீட்லயும் வராது.

ஸ்மார்ட் சிரிஞ்ச் வர்ற வரைக்கும் இருக்கறதை வெச்சு என்ன பண்ணலாம்? நிறைய பண்ணலாம். 2016 உயிரிமருத்துவக் கழிவு விதிப்படி ஊசி, பிளேடு எல்லாம் வெள்ளை கலர், உள்ள இருக்கறது தெரியற, குத்தினா ஓட்டை விழாத டப்பாவுக்குப் போகணும், ஊசி இல்லாத சிரிஞ்ச் பிளாஸ்டிக் சிவப்பு கவருக்கு. இதுக்காக ஊசியையும் சிரிஞ்சையும் பிரிக்க வேண்டியிருக்கு, கழட்டற பொருள்தான் குத்தும்னு மேல பாத்தோமே, அந்த சிக்கல் இங்க நேரா வருது. அதனால கையால கழட்டவே கூடாது, ஊசிய வெட்டி எடுக்கற ஹப் கட்டர் வேணும். கட்டர்லயும் வித்தியாசம் இருக்கு, ஊசிக்கு அடில இருக்கற பிளாஸ்டிக்கோட சேத்து வெட்டறது நல்லது, உலோகத்தை மட்டும் வெட்டற வகைல சிரிஞ்சு நுனில ஒரு குட்டித் துண்டு மிச்சம் நிக்கும், அது சிவப்பு கவருக்குள்ள போய் அதைத் தூக்கறவங்க தொடைல குத்தும். ஊசிய கரண்ட்ல எரிக்கற நீடில் பர்னர் எனக்கு அவ்வளவா பிடிக்காது, கரண்ட் போனா வேலை செய்யாது, புகை வேற, அதுலயும் அடில துண்டு நின்னுடும்.

வெள்ளை டப்பா எங்க இருக்கணும்னா ஊசி போடற இடத்துலயே, கை நீட்டினா எட்டற தூரத்துல, வாய் கண்ணுக்குத் தெரியற உயரத்துல. நர்ஸிங் ஸ்டேஷன்ல ஒண்ணு வெச்சா போதும்ங்கறது கணக்கு பாக்கறவங்க யோசனை. ட்ராலிலயே ஒரு சின்ன டப்பாவும் கட்டரும் இருந்தா அந்த 70 சதவீத இடைவெளி நாலு செகண்டா சுருங்கிடும். முக்கால்வாசி நிரம்பினதும் மூடி சீல் வெச்சு மாத்திடணும், நிரம்பின டப்பால இன்னொண்ணை அமுக்கறது கேரன் டேலிக்கு நடந்ததை வலிய கூப்பிடறது மாதிரி.

ரத்தம் எடுக்கற இடத்துல தனியா ஒரு ஆபத்து இருக்கு, அதை அதிகம் பேசறதில்ல. சிரிஞ்சுல ரத்தத்தை எடுத்துட்டு, இடது கைல ட்யூபைப் பிடிச்சுக்கிட்டு, அந்த ரப்பர் மூடில ஊசிய குத்தி ரத்தத்தை இறக்குவாங்க, நழுவினா நேரா ட்யூப் பிடிச்ச விரல்தான், அதுவும் உள்ள ரத்தம் நிறைஞ்ச துளை ஊசி. தையல் ஊசியை விட துளை ஊசி ஆபத்து, துளைக்குள்ள ரத்தம் தங்கும்ல. ரத்தத்தை நேரா ட்யூபுக்குள்ளயே இழுத்துக்கற வாக்யூம் ட்யூப் ஹோல்டர் இருந்தா இந்த வேலையே இல்ல, இல்லாத இடத்துல ட்யூப் எல்லாத்தையும் ஸ்டாண்டுல நிக்க வெச்சுட்டு கையால பிடிக்காம இறக்கணும். கிளவுஸ் போட்டா குத்தாதுன்னு இல்ல, ஆனா முனைல இருக்கற ரத்தத்துல கொஞ்சத்தை ரப்பர் துடைச்சுடும், உள்ள போறது குறையும். ஆபரேஷன் தியேட்டர்ல கைக்குக் கை கத்தி கொடுக்காம நடுவுல ட்ரேல வெச்சு எடுத்துக்கறது, ரெண்டு கிளவுஸ் போடறது, முனை மழுங்கின தையல் ஊசின்னு அது தனி உலகம்.

குத்தினவுடனே என்ன பண்ணணும்னா, ஓடற தண்ணில சோப்பு போட்டு கழுவணும், அவ்வளவுதான். பிதுக்கக் கூடாது, விரலை வாய்ல வைக்கக் கூடாது, ஸ்பிரிட், பெட்டாடின், பிளீச்சிங் எதையும் ஊத்தி தேய்க்கக் கூடாது. அடுத்தது டூட்டி டாக்டர்கிட்ட சொல்றது, நாளைக்கு இல்ல, அப்பவே. ஏன்னா ஹெச்ஐவி தடுப்பு மருந்தோட முதல் டோஸ் 2 மணி நேரத்துக்குள்ள போனா நல்லது, 72 மணி நேரம் தாண்டினா பிரயோஜனம் இல்ல. இப்போ நம்ம நாட்டு வழிகாட்டுதல்ல டெனோஃபோவிர், லாமிவுடின், டோலூடெக்ராவிர் மூணும் சேந்த ஒரே மாத்திரை, தினம் ஒண்ணு, 28 நாள். பழைய காலத்துல ஜிடோவுடின்னு ஒரே ஒரு மருந்தை வெச்சே தொத்தற வாய்ப்பு சுமார் 81 சதவீதம் குறைஞ்சதை 1997ல ஒரு ஆய்வு காட்டுச்சு, இப்போ இருக்கறது அதை விட பலமானது, தொந்தரவும் கம்மி. பேஷண்டோட ரிப்போர்ட் வரட்டும்னு உக்காந்திருக்க வேண்டாம், முதல் மாத்திரைய போட்டுட்டு காத்திருக்கலாம், நெகட்டிவ்னா நிறுத்திக்கலாம். பேஷண்டுக்கு டெஸ்ட் எடுக்க அவர் சம்மதம் வேணும், தெரியாம எடுக்கறது சட்டப்படி தப்பு. ஹெப்பாடிடிஸ் பிக்கு, தடுப்பூசி போடாதவங்கன்னா இம்யூனோகுளோபுலினும் (ரெடிமேட் ஆன்டிபாடி ஊசி) தடுப்பூசியும் சேத்து, முடிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள. ஹெப்பாடிடிஸ் சிக்கு தடுப்பு மருந்து கிடையாது, டெஸ்ட் பண்ணி கவனிக்கணும், வந்துட்டாலும் இப்போ 12 வாரம் மாத்திரைல 95 சதவீதத்துக்கு மேல குணமாகுது. ராத்திரி 2 மணிக்குக் குத்தினா மாத்திரை எங்க இருக்கு, பூட்டின ஃபார்மசிலயா கேஷுவால்டிலயா, இதை எல்லா வார்டும் முன்னாடியே தெரிஞ்சு வெச்சிருக்கணும்.

இது யாரோ போடற பிச்சையும் இல்ல. 2017 ஹெச்ஐவி எய்ட்ஸ் சட்டத்தோட 19வது பிரிவு, வேலை செய்யற இடத்துல தற்காப்பு சாதனம், பயிற்சி, குத்தின பிறகு தடுப்பு மருந்து மூணையும் தர வேண்டியது நிறுவனத்தோட கடமைன்னு சொல்லுது, தனியார், அரசுன்னு வித்தியாசம் இல்ல. 2016 கழிவு விதியும், கழிவைக் கையாளற ஆள் வரைக்கும் ஹெப்பாடிடிஸ் பி, டெட்டனஸ் ஊசி போடணும்னு சொல்லுது. ஆனா அதே விதிகள்ல 'பெரிய விபத்து'ங்கறதுக்கான விளக்கத்துல ஊசிக் குத்து சேராதுன்னு எழுதி வெச்சிருக்காங்க, உடனே தெரிவிக்க வேண்டியதில்ல, வருஷாந்திர அறிக்கைல மத்த விபத்துகளோட காட்டினா போதும். அதனால எத்தனையோ இடத்துல அந்தக் கட்டத்துல வர்றது பூஜ்யம். ஒரு குத்து கூட இல்லாத ஆஸ்பத்திரின்னு யாராவது பெருமையா சொன்னா நான் நம்ப மாட்டேன், அங்க யாரும் சொல்றதில்லன்னுதான் நினைச்சுக்குவேன். எழுதினாதான எந்த வார்டு, எந்தப் பொருள், எந்த ஷிஃப்ட்னு தெரியும், ஜாகர் பண்ணதும் வேற ஒண்ணும் இல்ல, எழுதி வெச்சதை வகுத்துப் பாத்ததுதான்.

குத்தை எழுதற நோட்டுல வராத இன்னொரு கூட்டம் ஹவுஸ்கீப்பிங் ஆளுங்க. டாக்டரும் நர்ஸும் போட்ட ஊசி பெட்ஷீட் மடிப்புல, தலகாணிக்கு அடில, கருப்பு கவர்ல இருந்து இவங்க கைக்கு வருது. யார் ரத்தம்னே தெரியாது. காண்ட்ராக்ட் வேலை, சொன்னா வேலை போயிடுமோன்னு பயம், தடுப்பூசியும் பெரும்பாலும் கிடையாது. ஊசிய யூஸ் பண்ணவங்களேதான் அதை டப்பால போடணும், ட்ரேல விட்டுட்டு ஆயாம்மா எடுத்துக்குவாங்கன்னு போகக் கூடாதுங்கற விதி இவங்களுக்காகத்தான்.

கடைசியா வீட்டுக்கு வருவோம், ஏன்னா இன்சுலின் பேனா இல்லாத தெரு இப்போ இல்ல, வெயிட் குறைக்கற ஊசிப் பேனாவும் சேந்துடுச்சு. பேனா ஊசிக்கு ரெண்டு பக்கமும் முனை, மருந்து பாட்டிலைத் துளைக்கற பின்பக்க முனை இருக்கறதையே பல பேர் கவனிக்கறதில்ல. உங்க ஊசிய நீங்களே போட்டுக்கறீங்கன்னா வெளிப்பக்க பெரிய மூடிய மாட்டி திருகி எடுங்க, உள்ள இருக்கற சின்ன மூடிய திரும்ப மாட்ட வேண்டாம், அதுதான் விரலைப் பதம் பாக்கும். அப்பாவுக்கோ பாட்டிக்கோ நீங்க போட்டு விடறீங்கன்னா, கையால மூடியே மாட்டாம நேரா டப்பாவுக்குக் கொண்டு போற மாதிரி பழகறது நல்லது. டப்பான்னா துணி துவைக்கற லிக்விட் வர்ற கெட்டி பாட்டில், திருகு மூடியோட, மெல்லிசான தண்ணி பாட்டில் வேண்டாம், முனை வெளிய வந்துடும். சுகர் பாக்க விரல்ல குத்தற லான்செட்டும் அதுலயே. முக்கால்வாசி ஆனதும் மூடி டேப் சுத்தி, மேல பெருசா 'ஊசி'ன்னு எழுதுங்க. 2016 திடக்கழிவு விதிகள்லயே வீட்டு ஊசிய வீட்டு அபாயக் கழிவுன்னுதான் போட்டிருந்தாங்க, 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் உள்ளாட்சி வைக்கணும்னும் இருந்துச்சு. உங்க ஏரியால அது எங்கன்னு வார்டு ஆஃபீஸ்ல கேட்டுப் பாருங்க, இல்லன்னா சுகர் பாக்கற கிளினிக்ல அவங்க வெள்ளை டப்பாவோட சேத்து எடுத்துக்குவாங்களான்னு கேளுங்க. ரெண்டுமே நடக்கலன்னா பாட்டிலை குப்பையோட கலக்காம தனியா, உள்ள ஊசி இருக்குன்னு வாயால சொல்லி தூய்மைப் பணியாளர் கைல கொடுங்க, ஏன்னா மக்காத குப்பைன்னு பிரிக்கறதுக்கு அவங்க கவருக்குள்ள விடறது வெறும் கை.